தம்பி மெல்பேர்ண் போன பிறகு

2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில், மக்களின் முறைப்பாடுகளைக் கேட்டு உதவும் எங்கள் சின்ன அமைப்பின் நாலு பேர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டிருந்தோம். பேஸ்புக்கில் வந்த வெறுப்புப் பதிவுகள், ஆட்களைத் திரட்டும் பதிவுகள், எங்கேயோ எடுத்த பழைய படங்கள். அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிய பிறகும் விபிஎன் போட்டுக்கொண்டு எடுத்தோம். எடுத்ததை ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஓரங்களை வெட்டித் துப்புரவாக்கினோம். இரண்டு கிழமையில் அறுநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெரிய வேலை செய்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரு பெருமை.

அந்தப் பென் டிரைவைப் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்துப் படம் பார்த்திருப்பார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது எந்தப் பக்கத்தில வந்தது?"

"பேஸ்புக்கில சேர்."

"பேஸ்புக் பெரிய ஊர். எந்த வீடு? யார் போட்டது, எண்டைக்குப் போட்டது, நீர் எண்டைக்குப் பார்த்தது? இதில ஒண்டும் இல்லையே. மணி 9.14 எண்டு போனின்ர மேல்பக்கத்தில மட்டும் இருக்கு."

எனக்குப் பதில் இல்லை. வெட்டித் துப்புரவாக்கிய ஓரத்தில்தான் பக்கத்தின் பெயரும் திகதியும் இருந்திருக்கின்றன. வட்ஸ்அப் வழியே போன படத்தில், எடுத்த நேரம் முதலிய உள்விவரங்கள் கழன்றுவிடும் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை அதற்குள் நீக்கப்பட்டும்விட்டன. பேஸ்புக் நிறுவனமே இலங்கையில் தன் தளத்தின் தாக்கம் பற்றி ஒரு மதிப்பீடு செய்வித்து, 2020 மே மாதம் வெளியிட்டு, மன்னிப்பும் கேட்டது. நாங்கள் சேர்த்த அறுநூறு படமோ இன்றைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. எவருக்கும் உதவவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப அறிவு வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். ஆனால் எந்த இடத்தில் அது இல்லாமல் விழுந்தோம் என்று கேட்டால், பலரிடம் பதில் இருக்காது. எங்களுக்கு இருந்தது. ஒரு இணைய முகவரியைக் கொப்பி பண்ணி வைக்காத இடத்தில் விழுந்தோம்.

அதற்குப் பிறகு பயிற்சிகளுக்குப் போகத் தொடங்கினோம். 2018 கடைசியிலிருந்து 2021 வரைக்கும் கொழும்பு ஹோட்டல்களில் நான் போன பட்டறைகளின் சான்றிதழ் மட்டும் ஏழு இருக்கிறது. கழுத்தில் பெயர் அட்டை, ஒரு பை, ஒரு பேனை, மத்தியானம் புஃபே. வெளிநாட்டிலிருந்து வந்தவர் குறியாக்கம் பற்றி நன்றாகத்தான் பேசினார். மூன்றாம் நாள் குழுப் படம். நாலாம் நாள் அலுவலகத்துக்கு வந்தால் மேசையில் அதே கோவைகள், அதே எக்செல், அதே அவசரம். கற்றதை எதில் போட்டுப் பார்ப்பது என்று தெரியாது. பட்டறைகளைக் குறை சொல்லவில்லை (புஃபேயையும்தான்). ஆனால் அந்த ஏழில் ஒன்றிலாவது, "உங்கள் கையில் இப்போது இருக்கிற வேலையைக் கொண்டுவாருங்கள், அதை வைத்தே பார்ப்போம்" என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரு தம்பி. எங்கள் வீட்டுக்கார அம்மாவின் மருமகன் முறை. தெமட்டகொடைப் பக்கம் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் வேலை. 2021இல் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். காசு வாங்கவில்லை, பிளேன்ரீ மட்டும். முதல் சனி, இரண்டு மணித்தியாலம் லெப்டொப்பைத் திறக்கவே இல்லை. எங்கள் களப்பணி அக்காவிடம், "அக்கா, ஒரு ஆள் பிரச்சினையோட வந்தா முதல்ல என்ன செய்வீங்கள்? பிறகு? அதை எங்க எழுதுவீங்கள்?" என்று கேட்டுக் கேட்டு ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கோடாக வரைந்தார். அக்கா மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான தலவாக்கலையில் பிறந்து மட்டக்குளியில் வாழ்க்கைப்பட்டவர், ஓ.எல். வரைக்கும் படித்தவர். தன் வேலையை யாரோ இப்படி உட்கார்ந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டாம் சனி தம்பி எங்கள் எக்செல் ஒன்றைப் பார்த்தார். ஒரு ஆராய்ச்சியாளருக்குக் கொடுப்பதற்காகக் குடும்பங்களின் பெயர், விலாசம் எல்லாம் அழித்து வைத்திருந்த கோப்பு. அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டோம் என்று நம்பியிருந்தோம். ஆளை ஆள் பிரித்தறிய வேண்டுமே என்று தேசிய அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் விட்டு வைத்திருந்தோம்.

தம்பி ஒரு வரியில் விரலை வைத்தார். இலக்கம் 1974623 என்று தொடங்கியது. "இவ ஒரு பொம்பிளை. எழுபத்து நாலில, மே மாசத் தொடக்கத்தில பிறந்திருக்கிறா" என்றார்.

அக்கா திகைத்துப்போனார். சாத்திரம் ஒன்றும் இல்லை. 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 623இல் 500 போனால் 123, அதாவது மே தொடக்கம். கடைசியில் வி அல்லது எக்ஸ் வரும் பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம். எங்கள் சட்டைப் பையில் வருடக்கணக்காக இருக்கிற அட்டை. மற்றவர்களின் தனியுரிமைக்காகக் கூட்டம் போட்டுப் பேசிய நாங்கள் அதை வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறோம். நல்லவேளை, கோப்பு இன்னும் அனுப்பப்படவில்லை. 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, அது அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் வந்த சட்டம் என்று பலர் பேசினார்கள். ஆட்களின் தரவைக் கையில் வைத்திருக்கிற எங்களையும் சேர்த்துத்தான் என்று எங்களுக்கு விளங்க அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இப்போது நாங்களே ஒரு வரிசை எண் போடுகிறோம். எந்த எண் எந்த ஆள் என்ற பட்டியல் வேறொரு இடத்தில், பூட்டில்.

ஸ்கிரீன்ஷொட் விஷயத்தையும் அவர்தான் ஒழுங்குபடுத்தினார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பதிவு போட்டவரின் பெயருக்குக் கீழுள்ள திகதியை அமத்தினால் அந்தப் பதிவுக்கு மட்டுமான முகவரி வரும், அதை எடுக்க வேண்டும். பக்கத்தின் முகவரி போதாது. பிறகு முழுத் திரையும் தெரிய, வெட்டாமல் படம். பக்கம் எல்லாருக்கும் திறந்ததாக இருந்தால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவிலும் ஒரு பிரதி போட்டுப் பார்க்கலாம், பேஸ்புக் பல தடவை விடாது. அதன் பிறகு அந்தக் கோப்பின் ஹேஷ். இது ஒரு கோப்பின் கைநாட்டு மாதிரி. கோப்புக்குள் ஒரு புள்ளி மாறினாலும் கைநாட்டு முழுக்க மாறிவிடும். விண்டோஸிலேயே இதை எடுக்கும் கட்டளை இருக்கிறது, தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. கடைசியாக, அன்றைய படங்களையும் கைநாட்டுகளையும் அன்றைக்கே சட்டத்தரணிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலை தம்பியின் யோசனை இல்லை, புதுக்கடைச் சேரின் யோசனை. "பிறகு மாத்தேல்ல எண்டதுக்கு என்ர இன்பொக்ஸ் சாட்சி" என்றார். மின் ஆவணங்களையும் சாட்சியமாக ஏற்க வழிசெய்யும் 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தை அவர் எனக்கு அன்றைக்கு ஒரு பழைய பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பொறியியலாளரும் சட்டத்தரணியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இப்படி ஒன்று கிடைக்கும். தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஒருவர் ஹேஷ் என்றிருப்பார், மற்றவர் சத்தியக்கடதாசி என்றிருப்பார்.

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களால் ஊரடங்கு. விடியும்போது பேஸ்புக், வட்ஸ்அப் எதுவும் இல்லை. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி முடக்கப்பட்டது என்று பிறகு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது. பின்னேரத்துக்குள் திரும்பவும் வந்துவிட்டது. இந்த முறை நாங்கள் வெறுமனே திட்டிக்கொண்டிருக்கவில்லை. முன்னமே எங்கள் போன்களில் ஊனி புரோப் என்ற செயலி இருந்தது. ஒரு தளம் திறக்கவில்லை என்றால், எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று அது பார்த்துச் சொல்லும். தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்டபோதே பொய்ப் பதில் வந்ததா, இல்லை இணைப்பு தொடங்கியபின் வெட்டப்பட்டதா என்பது வரைக்கும். முடிவுகள் உலகம் முழுக்க யாரும் பார்க்கும்படி ஏறும், ஆகவே போடுமுன் அதன் எச்சரிக்கையை வாசிக்க வேண்டும். வெள்ளவத்தையில் நான், மட்டக்குளியில் அக்கா, தெஹிவளையில் தம்பி. மூன்று பேரும் வேறு வேறு சேவை. சாதாரணத் தொலைபேசி அழைப்பில் பேசிப் பேசி ஓட்டினோம். "சிவப்பா வருது, படம் பிடிக்கட்டா?" என்று அக்கா கேட்டார். "முழுசா பிடிங்க அக்கா, வெட்டாம" என்றேன்.

அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் தம்பி மெல்பேர்ண் போய்விட்டார். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சம்பளம் ரூபாயில், விலைவாசி டொலரில் இருந்த காலம்.

அவர் போய் இரண்டு மாதத்தில் எங்கள் வலைத்தளம் காணாமல் போனது. டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவர் பார்க்காத ஒரு பழைய பெட்டிக்குப் போயிருந்தன. கட்டப் போனால் எங்கள் வங்கி அட்டையில் டொலர் கட்டணம் போகவில்லை. பத்தொன்பது நாள் தளம் இல்லை. முறைப்பாடுகளை மாத வாரியாகப் பிரிக்கிற சின்ன நிரல் ஒன்றும் எழுதித் தந்திருந்தார். அது அவருடைய லெப்டொப்பில் இருந்திருக்கிறது. எங்களிடம் இருந்தது அது தந்த அறிக்கைகள் மட்டும்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, எங்கள்மேல் வந்தது. சனிக்கிழமைகளில் ஒரு கெட்டிக்காரர் வந்துபோனதை நாங்கள் எங்கள் அமைப்பின் திறமை என்று நினைத்துவிட்டோம். ஆண்டறிக்கையில் "தொழில்நுட்பப் பிரிவு" என்றுகூட எழுதியிருந்தோம். ஆனால் ஒன்று தப்பியது. ஊனி ஓட்டுவது, ஹேஷ் எடுப்பது, பதிவைச் சேமிப்பது ஆகிய மூன்றையும் அக்கா ஒரு சிஆர் கொப்பியில் தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். தம்பி சொன்ன சொல்லில் இல்லை, தன் சொல்லில். "கறுப்புப் பெட்டி திறக்கும். பயப்படக்கூடாது. கொப்பி பண்ணினதை வலது பக்கம் அமத்திப் போடவும்." அந்தக் கொப்பி இருந்த வேலைகள் எல்லாம் தொடர்ந்தன. கொப்பியில் ஏறாத வேலைகள் எல்லாம் மெல்பேர்ணுக்குப் போய்விட்டன.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் ஒன்று. யார் எதைச் சொல்லித் தந்தாலும், கற்றவர் தமிழில் எழுத வேண்டும். அப்புறம் அதைப் பார்த்து, அன்றைக்கு வராத இன்னொருவர் தனியாகச் செய்து காட்ட வேண்டும். அவர் எங்கே தடக்குகிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும். கடவுச்சொற்களும் டொமைனும் அமைப்பின் பெயரில், இரண்டு பேர் கையில்.

2023 செப்டம்பரில், இணையத்தில் போடும் கூற்றுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வந்தபோது எங்களுக்கு இன்னொரு விதமான ஓட்டை தெரிந்தது. கருத்துச் சுதந்திரம் பற்றிய பந்திகளை எங்கள் சட்டத்தரணிகள் தூக்கத்திலும் எழுதுவார்கள். ஆனால் இணைய சேவை வழங்குநர் ஒரு குறிப்பிட்ட கூற்றுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும் என்ற இடத்தில் எல்லாரும் நின்றோம். அது நடக்கக்கூடிய காரியமா? மெல்பேர்ணுக்கு அழைத்தோம். அங்கே இரவு பதினொன்று. தம்பி வெள்ளவத்தைப் பாணியிலேயே விளக்கினார்.

"எங்கட பிளட்ஸ் கேட்டில செக்யூரிட்டி நிக்கிறார் தானே? நீங்கள் உள்ள போனது அவருக்குத் தெரியும். எந்த மாடி, எந்தக் கதவு எண்டு தெரியாது. இப்ப இணையத்தில அனேகமா எல்லாத் தளமும் அப்பிடித்தான், பூட்டுப் போட்ட இணைப்பு. நெட் கம்பனிக்கு எந்தத் தளம் எண்டு தெரியும், எந்தப் பதிவு எண்டு தெரியாது. ஒரு கதவை மட்டும் மறிக்கச் சொன்னா, அவரால கேட்டைத்தான் பூட்டலாம்."

இருபது நிமிட அழைப்பு. ஒரு பதிவை அடைக்கச் சொல்லும் கட்டளை சேவை வழங்குநரிடம் வந்தால் முழுத் தளத்தையும் அடைப்பதில்தான் முடியும் என்ற பந்தி எங்கள் எழுத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட பந்தியானது. சட்டமூலம் 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, எல்லாவற்றுக்கும் வீட்டுக்குள் ஆள் வேண்டும் என்றில்லை. ஆனால் எந்த வரியில் நின்று யாருக்கு அழைக்க வேண்டும் என்று தெரிகிற ஆள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும வந்த நேரம் இதை வேறு பக்கத்திலிருந்து கற்றோம். 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம், குடும்பங்களைத் தெரிவு செய்ய 22 குறிகாட்டிகள், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவு. பெயர் வராதவர்கள் எங்கள் படியேறி வந்தார்கள். நாங்கள் எல்லாவற்றுக்கும் "அல்கொரிதம் பிழை", அதாவது கணினி கணக்குப் போடும் முறையில் பிழை, என்று எழுதிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லில் ஒரு கவர்ச்சி இருந்தது, கூட்டங்களில் எடுபட்டது.

அக்காதான் நிறுத்தினார். மட்டக்குளியில் அவருடைய தொடர்மாடியில் பாதிப் பேர் கொழும்பில் தோட்டம் என்று சொல்கிற பழைய சேரிக் குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்கள். "இங்க எல்லா வீட்டுக்கும் சிமெந்துச் சுவர், உள்ளுக்கே டொய்லட், குழாய்த் தண்ணி. யார் வந்து எழுதினாலும் அதைத்தானே எழுதுவாங்க? வீடு நல்ல மார்க் எடுக்கும். அடுப்புல அரிசி இருக்கான்னு வீடு சொல்லுமா?" என்றார். கணினி சரியாகக் கூட்டியிருக்கலாம். எழுதியவரும் சரியாக எழுதியிருக்கலாம். அளவுகோல் கிராமத்து மண்வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பிறகு ஒரு முறைப்பாடு வந்தால் அக்காவின் கொப்பியில் நாலு கேள்வி. விதியே இப்படியா? விதி சரி, வீட்டுக்கு வந்தவர் தவறாக எழுதினாரா? எழுதியது சரி, பதியும்போது மாறியதா? பதிந்தது சரி, வேறு பட்டியலோடு ஒப்பிட்டபோது விழுந்ததா? ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய கதவு வேறு. அவுஸ்திரேலியாவில் நலன்புரிக் கொடுப்பனவு பெற்றவர்களைக் கணினி வழியே கடனாளியாக்கி, ரோபோடெட் என்று பெயரெடுத்த விவகாரம் 2023இல் ஆணைக்குழு அறிக்கை வரைக்கும் போனதே, அங்கே அடியில் இருந்தது ஒரு வகுத்தல் கணக்கு. ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, விட்டு விட்டு வேலை செய்தவர்களைக் கடனாளியாக்கியது. அதைப் பிடிக்கக் கணினி விஞ்ஞானி தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனால் எங்கே வகுக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்ற வேண்டும்.

தகவல் அறியும் உரிமை விண்ணப்பங்களையும் இந்த முறைக்கு மாற்றினோம். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் எங்கள் கையிலுள்ள நல்ல ஆயுதம்தான், ஆனால் எங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. வேறொரு திட்டம் பற்றி ஓர் அலுவலகத்திடம், எது என்பது இங்கே வேண்டாம், "நீங்கள் பயன்படுத்தும் அல்கொரிதத்தைத் தரவும்" என்று கேட்டோம். அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று ஒற்றை வரிப் பதில். பொய் என்றும் சொல்ல முடியாது, அவர்களிடம் அந்தப் பெயரில் ஒரு கோவை இருக்காதுதான். அடுத்த முறை அலுவலகங்களில் உண்மையில் இருக்கிற தாள்களைக் கேட்டோம். கேள்விப்பத்திர ஆவணம், பதிவு செய்யும் உத்தியோகத்தர்களுக்குக் கொடுத்த கைநூல், பரீட்சார்த்த ஓட்டத்தின் அறிக்கை, மேன்முறையீடு எத்தனை வந்தது, அதில் எத்தனை மாற்றப்பட்டது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இரண்டாம் படியில் கைநூல் கிடைத்தது.

நான் கேள்விப்பத்திரத்தில் ஏதாவது மாட்டும் என்று நினைத்தேன். மாட்டியது கைநூலின் ஒரு படத்தில். குடும்பத் தலைவருக்கு உறவு என்ன என்று தெரிவு செய்யும் இடம். கணவன், மனைவி, மகன், மகள், பெற்றோர், மற்றவை. அக்கா பார்த்த உடனே, "பேரப்பிள்ளை எங்க?" என்றார். தாய் மத்திய கிழக்கில், பிள்ளைகள் அம்மம்மாவோடு. மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீடு அப்படி. அந்தப் பிள்ளைகள் எல்லாம் 'மற்றவை'. மற்றவைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் அடுத்த விண்ணப்பம். தம்பி இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

தமிழ் எழுத்தே எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அதற்கு ஐந்து கிழமைக்கு முன்பு, ஓகஸ்ட் 14ஆம் திகதி, பேஸ்புக் பதிவுகளைத் தேடிப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் உலகம் முழுக்க நம்பியிருந்த கிரௌட்டேங்கிளை மெட்டா மூடியது. நாங்கள் கையால் சேர்த்து எக்செலில் தேடினோம். கண்ணுக்கு முன்னால் இருக்கிற சொல்லை எக்செல் இல்லை என்றது. "சொல்" என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சிலர் ஒரே குறியாகத் தட்டுகிறார்கள். சில விசைப்பலகைகள் முன் கொம்பையும் பின் காலையும் இரண்டு குறியாகப் போடுகின்றன. பார்க்க ஒன்று, உள்ளே வேறு. 'ஸ்ரீ'யிலும் இப்படி இரண்டு வகை உண்டு. எல்லாவற்றையும் முதலில் ஒரே வகைக்கு மாற்றிவிட்டுத் தேடியதும் எண்ணிக்கை ஏறிவிட்டது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வேறு. பாமினி எழுத்துருவில் வந்த பழைய சுற்றறிக்கைகள் இன்னும் மோசம், எழுத்துரு இல்லாத கணினியில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும்தான் தெரியும். கம்பனிகளின் வடிகட்டி தமிழை ஏன் தவறவிடுகிறது என்று கேட்க வேண்டும் என்றால், எங்கள் தேடலே தவறவிட்டதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

காசு விஷயம். கொழும்பில் ஆளில்லை என்பது உண்மையில்லை. 2004 சுனாமி முடிந்த கிழமைகளில் இந்த ஊர்த் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய சஹானா மென்பொருள் பிறகு பல நாட்டு அனர்த்தங்களில் பயன்பட்டது. ஆள் இருக்கிறார்கள், நாங்கள் கொடுக்கக்கூடிய சம்பளம்தான் இல்லை. நன்கொடையாளர்கள் பட்டறைக்குத் தருவார்கள், ஹோட்டல் பில்லுக்குத் தருவார்கள், ஒரு ஆளின் மாதச் சம்பளம் என்றால் முகம் சுருங்கும். கடைசியில் ஒரு பட்டறையை வெட்டி, நாலு சிறு அமைப்புகள் சேர்ந்து ஒரு ஆளை எடுத்தோம். ஹற்றனைச் சேர்ந்த பிள்ளை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் படிக்கிறவர். செவ்வாய் எங்களிடம். மற்ற நாட்கள் மற்ற மூன்று இடம். சண்டை வராமல் இல்லை. தேர்தல் கிழமையில் நாலு பேரும் ஒரே நாளில் கேட்டோம். ஆனால் ஒரு இடத்தில் கண்டது மற்ற இடத்துக்கும் போகிறது. இது எவ்வளவு காலம் ஓடும் என்று தெரியாது. அவரும் நாளைக்கு எங்காவது போகலாம். கொப்பி மூன்றாவதாகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் டிஜிட்டல் அடையாள அட்டை பற்றி நாலு அமைப்பும் பேசினோம். இந்திய நன்கொடையோடு வரும் திட்டம், விரல் ரேகை, கண், முகம். பிள்ளை தொழில்நுட்பப் பக்கத்தைச் சொல்லி முடித்தார். அக்கா கையை உயர்த்தினார். "கொழுந்து எடுக்கிற விரலுக்கு ரேகை தேஞ்சு போயிருமே. மெஷின் இல்லன்னு சொன்னா, அதுக்குப் பொறவு அந்த மனுசி யார்கிட்ட போகணும்?" அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் அக்கா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். தலவாக்கலையில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த தன் அம்மாவின் பத்து விரலையும் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி எடுத்திருந்தார். நாலு விரலில் மை மட்டும் இருந்தது, கோடு இல்லை. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன், அறிக்கையில் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு. பிள்ளை தாளின்மேல் கையை வைத்தார்.

"மிஸ், மற்ற ஆறு விரலில கோடு இருக்கு."

அக்கா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். விரல் வேண்டாம், எத்தனை விரல் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.